மண்ணால ஒரு கோட்டை: ஸ்ரீவைகுண்டம் டு பாஞ்சாலங்குறிச்சி, சைக்கிள்ல

கிராவல் பைக்னா என்னன்னு முதல்ல பாத்துடுவோம். பாக்கிறதுக்கு ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும், ஹேண்டில்பார் கீழ் நோக்கி வளைஞ்சிருக்கும். ஆனா டயர் தடிமன். ரோடு பைக்ல 25, 28 மில்லிமீட்டர் டயர் போட்டா இதுல 40, 45 போடுவாங்க. சேறு அடைக்காம இருக்க, சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல நிறைய இடைவெளி விட்டிருப்பாங்க. தார் ரோட்டுலயும் ஓட்டலாம், வண்டிப்பாதையிலயும் ஓட்டலாம். அவ்வளவுதான் விஷயம். விலையைக் கேட்டா செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வரும். பயப்படாதீங்க, இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை. ஹாஸ்டல் ஷெட்ல தூசி பிடிச்சுக் கிடக்கிற ஹைபிரிட் இல்லன்னா எம்டிபி போதும். பாதைதான் முக்கியம்.

வெளிநாட்டுல இந்த மாதிரிப் பாதைகளுக்கும் போருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெல்ஜியத்துல ஜென்ட்-வெவெல்ஜெம்ங்கிற பேர்ல அறியப்பட்ட ஒரு பெரிய சைக்கிள் ரேஸ் நடக்குது. 2017-ல இருந்து அந்த ரேஸ் பிளக்ஸ்ட்ரீட்டுங்கிற சரளைப் பாதைகள் வழியாப் போகுது. முதல் உலகப்போர்ல பதுங்குகுழி வெட்டின இடம் அது. 1914 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரெண்டு பக்க சிப்பாய்களும் துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு கை குலுக்கினதும் அந்தப் பக்கம்தான். அந்த ரேஸை டிவியில பாக்கிறவங்களுக்கு ஊர்ப் பேரோட சேர்ந்து வரலாறும் கொஞ்சம் மனசுல தங்கிடும்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்துல தாமிரபரணிப் பாலத்துக்கு வடக்க நின்னு இன்னும் வடக்க பாத்தீங்கன்னா, 1799-லயும் 1801-லயும் கிழக்கிந்தியக் கம்பெனியோட நடந்த பாளையக்காரர் போரோட களம் அங்கிருந்தே தொடங்குது. ஸ்கூல்ல இதை நாம ரெண்டு மார்க் கேள்வியாப் படிச்சிருப்போம். சிலர் சிவாஜி படமாப் பாத்திருப்போம். 1959-ல வந்த அந்தப் படத்தோட போர்க்காட்சிகளை ராஜஸ்தான்ல எடுத்தாங்க. அதனாலயோ என்னவோ, கட்டபொம்மன் கோட்டைன்னா நம்ம மனசுல ஒரு கல் கோட்டைதான் எழும்புது. உண்மையில அது மண் கோட்டை. உங்க டயர்ல ஒட்டப்போகுதே கரிசல், அதே மண்ணு. இந்த ரைடுல பாக்க வேண்டிய முக்கியமான பொருள் அதுதான்னு நான் நினைக்கிறேன்.

புறப்படுற இடம்

கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்ரீவைகுண்டத்துலயே ஒரு மணி நேரம் செலவு பண்ணுங்க. நவதிருப்பதியில முதல் கோயில் இங்க இருக்கு, கள்ளபிரான் கோயில். கோயிலைச் சுத்தி உயரமான கல் மதில். 1801 போர்ல கம்பெனிப் படை இந்தக் கோயிலைக் கோட்டையாப் பயன்படுத்துச்சு. ஒரு படைத்தளபதியோட கண்ணுல யோசிச்சுப் பாருங்க. ஆத்துப் பக்கத்துல தண்ணி இருக்கு, நெல் இருக்கு, ஏற்கனவே கட்டின மதில் இருக்கு, மேல நின்னு பாக்க கோபுரம் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? கர்நாடகப் போர்க் காலத்துல தமிழ்நாட்டுல இன்னும் பல கோயில்களுக்கு இதே கதி நடந்திருக்கு.

நெல்லைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. இந்தப் போரே ஒரு வகையில தானியத்துக்கும் பணத்துக்குமான சண்டைதான். 1792 ஒப்பந்தத்துல ஆற்காட்டு நவாப்கிட்ட இருந்து பாளையக்காரர்கிட்ட கிஸ்தி வசூலிக்கிற உரிமை கம்பெனிக்கு வந்தது. பாஞ்சாலங்குறிச்சி பாக்கி வச்சது. 1798-ல கலெக்டர் ஜாக்சன், ராமநாதபுரத்துல வந்து பாருன்னு கட்டபொம்மனுக்கு உத்தரவு போட்டார். போட்டுட்டு அவர் பாட்டுக்கு ஊர் ஊரா நகர்ந்துகிட்டே இருந்தார். கட்டபொம்மன் குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர்னு அவர் பின்னாடியே 23 நாள், சுமார் 400 மைல் அலைஞ்சு, செப்டம்பர்ல ராமநாதபுரத்துலதான் பேச முடிஞ்சது. (ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக்கு நாலு நாள் அலைஞ்சவங்களுக்கு இந்த வலி புரியும்.) அந்தச் சந்திப்பு கைகலப்புல முடிஞ்சு லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார். கட்டபொம்மனோட தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு விடுதலையும் ஆனார்.

கட்டபொம்மன் கதைப்பாடல்கள்லயும் ஊர் வாய்க் கதைகள்லயும் ஸ்ரீவைகுண்டம் வர்ற இடம் இதுக்கு அப்புறம்தான். தானாபதி பிள்ளை ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து இங்க இருந்த கம்பெனி நெற்களஞ்சியத்தைக் கொள்ளை அடிச்சார், காவலுக்கு இருந்தவர் அதுல செத்தார்னு கதை. படிக்கும்போது நமக்குக் கை தட்டத்தான் தோணும், வெள்ளைக்காரன் நெல்லுதானேன்னு. ஆனா அந்தக் காவல்காரர் வெள்ளைக்காரர் இல்ல. சம்பளத்துக்குக் களஞ்சியம் காத்த உள்ளூர் ஆள். நெல்லும் இந்த ஆத்தங்கரை வயல்ல விளைஞ்சதுதான். பின்னால கம்பெனி பக்கம் நின்னு செத்த சிப்பாய்கள்ல பெரும்பாலோரும், கம்பெனிக்குத் துணை வந்த எட்டயபுரம் படையும் நம்ம ஆளுங்கதான். இதை மனசுல வச்சுக்கிட்டே சைக்கிள் மிதிங்க. வழியில வர்ற ஒவ்வொரு மணிமண்டபத்துலயும் உதவும்.

ஸ்ரீவைகுண்டத்துல இன்னொரு கோட்டையும் உண்டு. ஊருக்குள்ள மண்சுவர் எழுப்பி, அதுக்குள்ளயே தலைமுறை தலைமுறையா வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் சமூகத்தோட கோட்டை. கமலா கணேஷ் 1993-ல இதைப் பத்தி ஒரு ஆய்வு நூலே எழுதியிருக்காங்க. போருக்காகக் கட்டின கோட்டை இல்ல அது. வெளி ஆளை வெளிய நிறுத்த, உள்ள இருந்த பெண்களை உள்ளயே வைக்க எழுப்பின சுவர். நமக்கு இப்ப தேவையான பாடம் ஒண்ணுதான்: இந்தப் பக்கத்துல ஒரு ஊரைச் சுத்தி மண்சுவர் வைக்கிறது அதிசயமான வேலையே இல்ல. மம்பட்டி பிடிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் கைவந்த வேலை.

ஆத்தங்கரையில இருந்து கரிசலுக்கு

பாதையை வல்லநாடு, புதியம்புத்தூர், ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சின்னு வச்சுக்கலாம். எந்த வண்டிப்பாதையைப் பிடிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்து ஒரு வழிக்கு 50 கிலோமீட்டர் பக்கம் வரும். முதல்ல வாழையும் நெல்லும். கால்வாய்க் கரை இறுக்கமான மண், டயர் சத்தமே இல்லாம உருளும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு போருக்கு ரொம்பப் பிந்தினது. 1869-ல ஆரம்பிச்சு 1873-ல முடிச்சாங்க, தாமிரபரணியில இருக்கிற எட்டு அணைக்கட்டுல கடைசி. அதனால 1801-ல இந்த ஓரம் இவ்வளவு பச்சையா இருந்திருக்காது.

வல்லநாட்டுல கட்டபொம்மனோட தளபதி வெள்ளையத்தேவனுக்கு மணிமண்டபம் இருக்கு. பக்கத்துல தெரியிற மலை வெளிமான் சரணாலயம். அதுக்குள்ள சைக்கிளை விடாதீங்க, அனுமதி இல்லாம போகக் கூடாது. நாலுவழிச் சாலையைக் கவனமா கடந்து வடக்க போகப் போக நிறம் மாறும். பச்சை குறையும், செம்மண் கொஞ்ச தூரம் வரும், அப்புறம் கறுப்பு. பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய், எல்லாமே மழையை நம்பின மானாவாரி. குடை விரிச்ச மாதிரி உடை மரம். இப்ப கூடவே காத்தாடிகள்.

இங்க டயர் பாடம் ஒண்ணு. காத்தைக் கல்லு மாதிரி அடிச்சு வைக்காதீங்க. 65 கிலோ எடை உள்ள ஆளுக்கு 42 மில்லிமீட்டர் டயர்ல 35 பிஎஸ்ஐ பக்கம் போதும். எம்டிபி டயர்னா இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ரொம்பக் குறைச்சா ரிம்முல டியூப் நசுங்கி ரெட்டைப் பஞ்சர் ஆகும். முள் கண்டிப்பா ஏறும். ரெண்டு டியூப், பஞ்சர் கிட், பம்ப் இல்லாம போகாதீங்க. டியூப் மாத்துறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கம் முழுக்க விரலால மெதுவாத் தடவிப் பாருங்க. முள்ளை உள்ளயே விட்டுட்டு புது டியூப் போட்டா அதுவும் போச்சு. தண்ணி குறைஞ்சது மூணு லிட்டர். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாசம். விதைச்ச நிலத்துல ஏறக் கூடாது, அதைச் சொல்லவே வேண்டாம்.

மழை பெஞ்ச மறுநாள் மட்டும் போகவே போகாதீங்க. சிவில் பசங்களுக்கு இது தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். கரிசல்ல மாண்ட்மோரில்லோனைட்ங்கிற களிமண் கனிமம் அதிகம். தண்ணி பட்டா அந்தத் தகடுகளுக்கு நடுவுல நீர் புகுந்து மண் உப்பும். காஞ்சா சுருங்கி கை போற அளவுக்கு வெடிக்கும். அதனாலதான் கரிசல்ல போட்ட ரோடும் வீடும் விரிசல் விடுது. ஈரத்துல அது தன்னோட தானே ஒட்டும். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு படலம், ரெண்டாவது சுத்துல இன்னொண்ணு. பத்து மீட்டர்ல ஃபோர்க்கு அடைச்சு சைக்கிள் நின்னுடும். குச்சியால நோண்டி எடுத்துட்டு மறுபடி பத்து மீட்டர். இப்ப அந்த இடத்துல காளை மாடு பூட்டின பீரங்கி வண்டியை வச்சு யோசிங்க.

600 பேர், ஆறு நாள்

1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோத்துப்போச்சு, அதிகாரிகள் சிலர் செத்தாங்க. கூடுதல் படை வர்றதுக்குள்ள கட்டபொம்மன் கோட்டையைக் காலி பண்ணிட்டு வடக்க போயிட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆளுங்க பிடிச்சுக் கொடுத்தாங்க. அக்டோபர் 16 கயத்தாறுல தூக்கு. தானாபதி பிள்ளையை அதுக்கு முன்னாடியே நாகலாபுரத்துல தூக்குல போட்டுட்டாங்க. கோட்டையை இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. கட்டபொம்மனோட தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில.

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் சிறையில இருந்து தப்பிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு மேஜர் மெக்காலே படையோட பாஞ்சாலங்குறிச்சி வந்து பாத்தா, இடிச்ச இடத்துல கோட்டை நிக்குது. திகைச்சுப் போய்ப் பின்வாங்கினார்.

இது எப்படி முடிஞ்சிருக்கும்? கணக்குப் போட்டுப் பாப்போம். அந்தப் போர்ல கலந்துகிட்ட கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல வெளியிட்ட நினைவுக் குறிப்புல கோட்டையோட அளவைச் சொல்றார்: சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், சுவர் 12 அடி உயரம், முழுக்க மண். சுத்தளவு 1600 அடி, அதாவது 488 மீட்டர். உயரம் 3.66 மீட்டர். சராசரி தடிமனை 2 மீட்டர்னு நானே எடுத்துக்கிறேன். பெருக்கினா ஏறக்குறைய 3,570 கன மீட்டர் மண். ஆறு நாள்னா ஒரு நாளைக்கு 595. மண் வெட்டி, தண்ணி ஊத்திக் குழைச்சு, கூடையில சுமந்து, சுவர்ல வச்சு மிதிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர்னு வச்சா, 600 பேர் போதும். இடிஞ்ச சுவரோட மண்ணு அங்கயே குவிஞ்சு கிடந்ததால இன்னும் குறைவான பேர்கூடப் போதும். ஆக இது மாயம் இல்ல. சுத்து ஊர்கள்ல இருந்து ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் வந்தா முடியிற வேலை. மாசத்தையும் பாருங்க, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு குளத்துல தண்ணி கிடக்கிற நேரம், வெயில் ஏறி சுவர் காய ஆரம்பிக்கிற நேரம். சித்திரை வெயில்ல காஞ்சு கெட்டியான கரிசலை வெட்டிக் குழைக்கிறதா இருந்தா கணக்கு மாறியிருக்கும்.

மார்ச் 31-ஆம் தேதி கம்பெனி பெரிய படையோட வந்து தாக்குச்சு. பீரங்கியால சுட்டுச் சுவர்ல உடைப்பு போட்டு, அது வழியா ஏறினாங்க. ஏறினவங்க உச்சிக்குப் போனாங்க, உள்ள இறங்க முடியல. உள்பக்கம் பள்ளம், நீளமான ஈட்டிகளோட ஆளுங்க கீழ இருந்து குத்தினாங்க. தாக்குதல் படுதோல்வி. கம்பெனிக்கு நூத்துக்கணக்குல சேதம்.

கல் மதில்ல குண்டு பட்டா கல்லு விரிசல் விடும், விரிசல் இணைப்பு வழியா ஓடும், ஒரு பகுதி மொத்தமா சரியும். மண் அப்படி இல்ல. குண்டு உள்ள புதையும். குண்டோட ஆற்றல் எல்லாம் மண்ணை நசுக்கி ஒதுக்குறதுல செலவாயிடும். மெட்டீரியல் சயின்ஸ்ல நொறுங்கும் பொருள், இளகும் பொருள்னு படிச்சோமே, அதேதான். ராத்திரி நாலு கூடை மண்ணை அப்பினா உடைப்பு மூடிடும். இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய அனுபவமும் இல்ல. நாலு வருஷம் கழிச்சு, 1805-ல, ராஜஸ்தான் பரத்பூர் மண் கோட்டையை லேக் பிரபு நாலு தடவை தாக்கி நாலு தடவையும் தோத்தார். அவர் அதுக்கு முன்னாடி டெல்லியையே பிடிச்சவர்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஏழு வாரம் கழிச்சுத்தான் முடிவு வந்தது. கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டு வந்து மே 24-ஆம் தேதி கோட்டையைப் பிடிச்சார். ஊமைத்துரை காயத்தோட வெளியேறினார்.

வெல்ஷ் எழுதினதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுக்கு அடுத்தது. சண்டை முடிஞ்ச பிறகு ஒரு கிழவி களத்துல தன் மகனைத் தேடிட்டு வர்றாங்க. மகன் குத்துயிரா கிடக்கான். தூக்கப் போன அம்மாகிட்ட, என்னை விட்டுடு, பக்கத்துல கிடக்கிற சாமியைத் தூக்குன்னு சொல்றான். அந்தச் சாமி ஊமைத்துரை. அந்த அம்மாவும் கூட வந்த பெண்களும் அவரைத் தூக்கிட்டுப் போய் ஒரு கிராமத்துல ஒளிச்சு வைக்கிறாங்க. தேடிட்டு எட்டயபுரம் ஆளுங்க வந்தப்ப, உடம்பைத் துணியால மூடி, பையன் அம்மை போட்டுச் செத்துட்டான்னு ஒப்பாரி வச்சிருக்காங்க. அம்மைங்கிற சொல்லைக் கேட்டதும் வந்தவங்க ஓடிட்டாங்க. கிழவியோட பேரு வெல்ஷ் குறிப்புல இல்ல. அந்தக் கிராமம் சில மைல் தூரத்துல இருந்ததாச் சொல்றார். நீங்க மிதிக்கிற வண்டிப்பாதைகள்ல ஏதோ ஒண்ணு வழியாத்தான் காயம்பட்ட ஒரு ஆளைத் தோள்ல சுமந்துட்டு அந்தப் பெண்கள் போயிருக்கணும்.

ஊமைத்துரை மருது சகோதரர்களோட சேர்ந்து இன்னும் சில மாசம் போராடினார். காளையார்கோவில் விழுந்ததும் பிடிபட்டு, நவம்பர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலயே தூக்கிலிடப்பட்டார். அடுத்த பிப்ரவரியில எழுபதுக்கும் மேற்பட்டவங்களைத் தூத்துக்குடியில கப்பல் ஏத்தி பினாங்குக்கு நாடு கடத்தினாங்க. கோட்டையை மறுபடி இடிச்சு, உழுது, ஆமணக்கு விதைச்சதா ஊர்ல சொல்லுவாங்க. மண் கோட்டைக்கு அதுதான் பலவீனம். கல் கோட்டையை இடிச்சாலும் கல்லு கிடக்கும். மண்ணை உழுதா வயலாயிடும்.

இப்ப அங்க என்ன இருக்கு

1974-ல தமிழக அரசு கட்டின நினைவுக் கோட்டை இருக்கு. கம்பீரமா இருக்கும், ஃபோட்டோ நல்லா வரும். ஆனா அது சினிமாக் கோட்டையோட தங்கச்சி, பழைய மண் சுவரோட சாயல் அதுல இல்ல. அதைப் பாத்துட்டு, பழைய கோட்டை இருந்த மேட்டையும் பாருங்க. கம்பெனி அதிகாரிகளோட கல்லறைகளும் அந்தப் பக்கம் இருக்கு. தோத்தவங்க கோட்டை மண்ணோட போச்சு, செயிச்சவங்க கல்லறைதான் கல்லுல நிக்குது. சைக்கிளை சாத்தி வச்சுட்டு அங்க பத்து நிமிஷம் நில்லுங்க, அந்தக் கல்லுக்கு அடியில கிடக்கிறவங்கள்ல பலர் நம்ம வயசுக்காரங்களா இருந்திருப்பாங்க.

ஒட்டப்பிடாரத்துல வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமா இருக்கு. அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5, பானர்மேன் தாக்கின அதே தேதி. தற்செயல்தான், ஆனா டீ குடிக்கும்போது பேச நல்லா இருக்கும். பக்கத்துல கவர்னகிரியில, வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தானும் செத்ததா மக்கள் சொல்ற வீரன் சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் இருக்கு. ஒவ்வொரு மண்டபத்தையும் ஒவ்வொரு சமூகம் தன்னோடதா கொண்டாடுறதைப் பாப்பீங்க. உள்ள போய் பேசுங்க, கதை கேளுங்க. யார் பெரிய வீரர்ங்கிற வாதத்துல மட்டும் இறங்காதீங்க. ஆறு நாள்ல சுவர் எழுப்பின 600 பேர் என்ன சாதின்னு யாரும் எழுதி வைக்கல.

இன்னொரு நாள் கையில இருந்தா மேற்க கயத்தாறுக்குப் போங்க. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்துல வழிப்போக்கர்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு கல் போட்டு, அது பெரிய குவியலா வளர்ந்து கிடந்துச்சாம். அங்க நடிகர் சிவாஜி கணேசன் சொந்தக் காசுல இடம் வாங்கிச் சிலை வச்சார். அதே ஊர்ல இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணும் கைவிடப்பட்டுக் கிடக்கு. ஜப்பான் பயத்துல தென்னிந்தியாவுல அவசரமா அமைச்ச ஓடுதளங்கள்ல இதுவும் ஒண்ணு. வேலி போட்டிருந்தா வெளிய நின்னே பாத்துக்கோங்க. திரும்பி வர மிதிக்க முடியலைன்னா கோவில்பட்டி ஸ்டேஷன் பக்கம்தான், சைக்கிளை லக்கேஜா புக் பண்ணலாம். புக் பண்றதுக்கு முன்னாடி டயரைக் கழுவிடுங்க, காஞ்ச கரிசல் பிளாட்ஃபார்ம் பூரா உதிரும்.